கூரையில் ஏறிய சைக்கிள், டிக்கியில் தொங்கும் சைக்கிள்

செம்பட்டிக்கு ரயில் கிடையாது. ரயில் பிடிக்க வேண்டுமென்றால் அம்பாத்துரைக்கோ கொடைரோட்டுக்கோ திண்டுக்கல்லுக்கோதான் போக வேண்டும். ஊர் வளர்ந்ததே சாலையால்தான். ஒரு பக்கம் திண்டுக்கல், ஒரு பக்கம் வத்தலக்குண்டு, ஒரு பக்கம் நிலக்கோட்டை வழியாக மதுரை, இன்னொரு பக்கம் ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி. திண்டுக்கல்லில் இருந்து கொடைக்கானலுக்குக் காரில் போகிறவர், குமுளிக்குப் போகிறவர், மாலை போட்டுச் சபரிமலைக்குக் கிளம்பியவர், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர் என்று எத்தனையோ பேருக்கு இந்த நாற்சந்திதான் வழி. அதனால் எந்த வண்டியின் தலையில் என்ன கட்டியிருக்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் பிறவிப் பழக்கம். கம்பத்துத் திராட்சைப் பெட்டி, ஒட்டன்சத்திரம் போகும் முருங்கைக்காய்க் கட்டு, நிலக்கோட்டைப் பூக்கூடை, தேர்தல் வந்தால் ஒலிபெருக்கி. பார்த்தவுடனே வண்டி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

சில ஆண்டுகளாக ஒரு புதுச் சரக்கு கண்ணில் படுகிறது. சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் மதுரை, பெங்களூரு, கேரளப் பதிவெண் கொண்ட பெரிய கார்கள் வரும். பின்னால் டிக்கிக் கதவில் வாரால் இழுத்துக் கட்டிய கம்பிச் சட்டம். அதில் இரண்டு சைக்கிள், சிலதில் மூன்று. தடித்த டயர், மெலிந்த டயர், வளைந்த ஹேண்டில்பார். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல்லும் இல்லை. வேகத்தடையில் கார் ஏறி இறங்கும்போது மேல் சக்கரம் தானாகச் சுற்றும். பழனிக்குக் காவடி கட்டுகிற பக்குவத்தோடு கட்டியிருப்பார்கள். எட்டு இடத்தில் முடிச்சு, அதற்கு மேல் ஒரு துண்டுக் கயிறு. வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இறக்கி மிதித்து ஏறுவார்கள். இன்னும் சிலர் காரிலேயே கொடைக்கானல் வரை கொண்டுபோய் அங்கே ஏரியையும் பூம்பாறைச் சாலையையும் சுற்றிவிட்டு மறுபடி காரிலேயே இறக்கிவருவார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் இதைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். கார் இருக்கிறவனுக்குச் சைக்கிள் எதுக்கு? கேலி போலத் தெரிந்தாலும் அவர்களுடைய வாழ்நாள் கணக்கு அதில் இருக்கிறது. அவர்கள் காலத்தில் சைக்கிள் சுமந்தது. அதை யாராவது சுமந்தார்கள் என்றால் அதற்கு ஏதோ ஒரு தவிர்க்க முடியாத காரணம் இருந்தது.

சைக்கிள் வண்டி ஏறியது அன்றும் உண்டு. பஸ் கூரையில். இன்றைக்கு முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். பஸ்ஸின் பின்பக்கம், கண்ணாடிக்குப் பக்கத்தில் இரும்பு ஏணி ஒன்று இருக்கும். மேலே முழுக் கூரைக்கும் முழங்கால் உயரத்தில் கம்பி வேலி. சைக்கிள்காரர் நிறுத்தத்தில் கை காட்டுவார். கண்டக்டர் சன்னல் வழியே எட்டிப் பார்த்து முதலில் முகம் சுளிப்பார். அது சடங்கு. அப்புறம் "சீக்கிரம் ஏத்துங்கண்ணே" என்பார். தனியார் பஸ் என்றால் கிளீனர் பையன் குரங்கு வேகத்தில் மேலே போய்விடுவான். கீழிருந்து ஒருவர் முன்சக்கரத்தைத் தூக்கிக் கொடுக்க, அவன் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்க, சைக்கிள் மேலே போய்ப் படுத்துக்கொள்ளும். அரசு பஸ்ஸில் கிளீனர் கிடையாது, சைக்கிள்காரரே ஏணியில் ஏற வேண்டும். கூட வந்த மச்சானோ, நிறுத்தத்தில் சும்மா நின்றவரோ கீழிருந்து கை கொடுப்பார்கள். பெடலைக் கம்பி வேலியில் மாட்டிவிட்டால் சைக்கிள் நழுவாது. ஹேண்டிலைத் திருப்பிச் சட்டத்தோடு சேர்த்து ஒரு கட்டு. அவ்வளவுதான் வித்தை. இறங்கி வந்ததும் சைக்கிளுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார்கள். அதில் ஒரு பேரம் நடக்கும், கண்டக்டருக்கும் அது தெரியும், சைக்கிள்காரருக்கும் தெரியும்.

எந்தக் காரணத்துக்கெல்லாம் ஏறியது என்று யோசித்தால் அந்தக் காலத்து வாழ்க்கையே வரிசையாக வந்து நிற்கும். திண்டுக்கல்லில் புதுச் சைக்கிள் வாங்கி ஊருக்குக் கொண்டுவருகிறவர், பத்திரமாக இருக்கட்டும் என்று பஸ்ஸில் ஏற்றுவார். சட்டத்தில் சுற்றிய பழுப்புக் காகிதத்தைப் பல மாதம் பிரிக்கவே மாட்டார். மாப்பிள்ளைக்குச் சீர் வைத்த சைக்கிள் மாலையோடு கூரையில் போகும். மாற்றலாகி வந்த வாத்தியார் தகரப் பெட்டி, பாய்ச்சுருள், சைக்கிள் மூன்றோடும் வந்து இறங்குவார். சின்னாளபட்டியில் இருந்து சுங்குடிச் சேலை மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வியாபாரிகள் இருந்தார்கள். போகும்போது மிதித்துக்கொண்டே விற்பார்கள். பெரியகுளம் பக்கம் வரை போய்விட்டால் திரும்பி மிதிக்கத் தெம்பு இருக்காது. மூட்டை காலி, கால் வலி, பையில் சில்லறை. சைக்கிளைக் கூரையில் போட்டுவிட்டுச் சன்னலோரமாகத் தூங்கிவிடுவார்கள். பாதி வழியில் ரிம் வளைந்தவர், செயின் அறுந்தவர், மழையில் மாட்டியவர் எல்லாருக்கும் பஸ்தான் கதி.

தொல்லை இல்லாமல் இல்லை. சைக்கிளின் செயின் கிரீஸ் பக்கத்தில் கிடந்த வெள்ளை மூட்டையில் அப்பி, செம்பட்டி நிறுத்தத்தில் பெரிய பஞ்சாயத்தே நடக்கும். சாலையின் இரண்டு ஓரத்திலும் புளியமரங்கள் கவிந்திருந்த காலம் அது. தாழ்ந்த கிளை உரசினால் சைக்கிள் பெல் தானாக ஒலிக்கும். கூரைமேல் உட்கார்ந்து வருகிறவர்கள் குனிந்துகொள்வார்கள். சீட்டு ஒடிந்து போனதும், பம்ப் காணாமல் போனதும் உண்டு. ஆனால் ஒன்று: அந்தக் கூரையில் ஏற, சைக்கிள் வைத்திருந்தால் போதும். பஸ் யாருடையதாகவும் இருக்கலாம்.

பஸ்ஸும் பல கை மாறியது. மதுரையைச் சுற்றி டி.வி.எஸ். பஸ் ஓடியது, 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது, பிறகு திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டு ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம். 1997இல் எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்துவிட்டு மாநிலம் முழுக்க ஒரே பெயராக்கினார்கள். பெயர்ப் பலகை இத்தனை முறை மாறிய காலத்திலும் பின்னாலிருந்த ஏணி பல பஸ்களில் அப்படியே இருந்தது. அது போனது வேறு காரணத்தால்.

அதைச் சொல்வதற்கு முன் அன்றைய சைக்கிளின் அந்தஸ்தைச் சொல்லிவிட வேண்டும். சைக்கிள் அன்று பொம்மை இல்லை, பதிவு செய்யப்பட்ட வாகனம். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி ஆண்டுதோறும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு ஓர் உலோக வில்லை கொடுக்கும். அதைச் சட்டத்தில் மாட்டியிருக்க வேண்டும். வில்லை இல்லாமல் சந்தைக்குப் போனால் பிடிப்பார்கள். இரவில் விளக்கு கட்டாயம். முதலில் மண்ணெண்ணெய் விளக்கு, பிறகு டைனமோ. டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் வால்டியூபைப் பிடுங்கிவிடுவார், அபராதத்தைவிட அதுதான் பெரிய அவமானம். எட்டு மைல் தள்ளிக்கொண்டு வந்த கதைகள் ஊரில் ஏராளம். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது 1949இல். ஹெர்குலிஸ் அங்கிருந்து வந்தது. வடக்கே சோனிபட்டில் இருந்து அட்லஸ், லூதியானாவில் இருந்து ஹீரோ. கறுப்பு வண்ணம், இரட்டைக் கம்பி, பின்னால் அரை மூட்டை அரிசியைத் தாங்கும் கேரியர். பால் கேன், வாழைத்தார், ஐஸ் பெட்டி, மனைவி, முன்கம்பியில் ஒரு பிள்ளை என்று அது சுமக்காத பொருள் இல்லை.

1980இல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100. முதலாவது, சேலை வியாபாரியின் கால் வலியைத் தீர்த்தது. அவர் கேரியரில் கட்டிய அதே மூட்டை அதே கயிற்றோடு மொபெட்டுக்கு மாறிக்கொண்டது. 1990களின் இறுதியில் மினிபஸ் உள்கிராமங்களுக்குள் நுழைந்தது. பிறகு ஷேர் ஆட்டோ. 2005இல் டாடா ஏஸ் வந்து, பஸ் கூரையில் போன சரக்கில் மிச்சமிருந்ததையும் அள்ளிக்கொண்டது. அதற்கு ஊர் வைத்த பெயர் குட்டியானை. ஏற்றச் சரக்கு இல்லாத கூரைக்கு ஏணி எதற்கு? புதிதாகக் கட்டிய பஸ்களில் ஏணியும் இல்லை, கம்பி வேலியும் இல்லை. கூரைப் பயணத்தில் ஆள் விழுந்து சாவதும் குறைந்தது, அது நல்லதுதான். யாரும் உத்தரவு போட்டு சைக்கிளைக் கூரையிலிருந்து இறக்கவில்லை. கேட்க ஆளில்லாமல் அந்த வசதி தானாக உதிர்ந்தது.

கேட்க ஆளில்லை என்பதுகூட முழு உண்மை இல்லை. 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய தமிழக அரசு, 2005–06இல் அதை மற்ற மாணவர்களுக்கும் விரித்தது. செம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் காலை எட்டரைக்குச் சாலையோரத்தில் வரிசையாக வருவது அந்தச் சைக்கிள்கள்தான். ஆக, பஸ்ஸில் இருந்து ஏணி போன அதே காலத்தில்தான் சைக்கிள் முன்னைவிடப் பல வீடுகளுக்குள் வந்தது. வந்தது பெரியவர்களிடம் அல்ல, பிள்ளைகளிடம். பிள்ளைகள் கண்டக்டரிடம் பேரம் பேச மாட்டார்கள்.

காரின் பின்னால் சைக்கிள் தொங்குவது பழகிப்போன ஐரோப்பாவுக்கு இனிப் போவோம். என் அக்கா மகன் ஜெர்மனியின் தெற்கே ஒரு கார்த் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறான். இங்கே பள்ளிக்கூடத்துக்கு அரசுச் சைக்கிளில் போனவன். அங்கே கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரில் ஆஸ்திரியாவைக் கடந்து, பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலியின் கார்டா ஏரிக்குப் போனான். காருக்குப் பின்னால் சைக்கிள்கள். கிளம்பும் முன் போனில் சொன்னது: "மாமா, நம்ம ஊர்ல ஏணில ஏத்துனோம், இறக்குனோம். இங்க சைக்கிளக் கட்டறதுக்கு முன்னாடி மூணு நாட்டுச் சட்டத்தப் படிக்கணும்."

கேலியாகச் சொன்னான். விசாரித்தபோது அதில் பெரும்பகுதி நிஜம். ஜெர்மனியில் சைக்கிள் ரேக் காரின் நம்பர் பிளேட்டை மறைத்தால், அதே எண்ணை எழுதிய இன்னொரு தட்டை ரேக்கில் மாட்ட வேண்டும். அதற்கு அரசு முத்திரை தேவையில்லை. தட்டு அச்சடிக்கும் கடையில் சில யூரோ கொடுத்தால் கையோடு கிடைக்கும். பின்விளக்கு மறைந்தால் ரேக்கிலேயே விளக்கு இருக்க வேண்டும்: பிரேக், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு எல்லாம். அவற்றுக்கு மின்சாரம் காரின் பின்னாலிருக்கும் பதின்மூன்று முள் சாக்கெட்டில் இருந்து போகும். ஆஸ்திரியா இன்னும் ஒரு படி மேலே. அங்கே பதிவான கார்களுக்கு ரேக்கில் மாட்டுவதற்கென்றே சிவப்பு நிறத்தில் தனித் தட்டு தருகிறார்கள். பட்டைப் பட்டையாக வெள்ளையும் சிவப்பும் தீட்டிய, ஒளியைத் திருப்பி அடிக்கும் பலகையை இத்தாலியும் ஸ்பெயினும் கேட்கின்றன. 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் சதுரம். காரின் உடலுக்கு வெளியே பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எந்தச் சுமைக்கும் அது வேண்டும், சைக்கிளுக்கும்தான். இத்தாலியில் அலுமினியப் பலகையாக இருக்க வேண்டும் என்பது தனி விதி. பிரென்னரைத் தாண்டுவதற்கு முன் சாலையோர ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி அந்தப் பலகையை எடுத்து மாட்டுகிற ஜெர்மன் கார்களை வரிசையாகப் பார்க்கலாமாம். சோதனைச்சாவடி இல்லாத எல்லையில் பலகை மாட்டுவதுதான் நாடு மாறியதற்கு அடையாளம்.

லண்டனில் இருந்து கிளம்பும் நம்மவர்களுக்குக் கணக்கு வேறு. கடலுக்கடியில் செல்லும் கால்வாய்ச் சுரங்க ரயிலில் காரை ஏற்றும்போது 1.85 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் வேறு வகைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். கூரைமேல் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினால் சின்னக் காரும் அந்த உயரத்தைத் தாண்டிவிடும். பின்னால் மாட்டினால் உயரம் கூடாது. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டிஷ் கார்கள் வெளிநாட்டில் ஜி.பி. என்ற எழுத்துக்குப் பதிலாக யு.கே. என்று காட்ட வேண்டும். காரின் பின்பக்கத்தில் ஒட்டிய அந்த எழுத்தையும் சைக்கிள் மறைக்கும். ரேக்கில் மாட்டும் தட்டிலும் அது வேண்டும். நம்பர் பிளேட் மறைந்தால் பிரிட்டனில் ஆயிரம் பவுண்டு வரை அபராதம் போட இடமுண்டு.

எடைக் கணக்கைச் சொன்னால் நம் ஊர் மெக்கானிக்குகள் ரசிப்பார்கள். ஐரோப்பாவில் பலர் பின்கதவில் சைக்கிளைத் தொங்க விடுவதில்லை. காரின் அடிச்சட்டத்தோடு பொருத்திய இழுவைக் கொக்கி, அதன் முனையில் கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிய இரும்பு உருண்டை. அதன்மேல்தான் ரேக் உட்காரும். அந்த உருண்டை தாங்கும் எடை காருக்குக் கார் மாறும். 75 கிலோ என்பது சாதாரணமாகக் காணும் அளவு. ரேக் மட்டும் பதினைந்து இருபது கிலோ. மின்சார சைக்கிள் ஒன்று இருபத்தைந்து கிலோ. இரண்டு ஏற்றினால் எல்லை வந்துவிட்டது, மூன்றாவதுக்கு இடமில்லை. அதனால் பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைக்கிறார்கள். எடையும் குறையும், மழையில் நனையாமலும் இருக்கும். மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம் என்று ரேக் செய்கிறவர்கள் எழுதி ஒட்டுகிறார்கள். வேகக் கட்டுப்பாடே இல்லாத நெடுஞ்சாலைத் துண்டுகளைக் கொண்ட நாட்டில் அதை யாராவது படிக்கிறார்களா என்று அக்கா மகனிடம் கேட்டேன். படிக்கிறார்கள் என்றான், குரலில் ஒரு மாப்பிள்ளைப் பொறுமையோடு. புகைக்குழாய்க்கு நேர் மேலே டயர் வந்தால் சூட்டில் உருகிவிடும் என்பதும், ரிவர்ஸ் கியர் போட்டதும் சென்சார் ஓயாமல் கத்தும் என்பதும் உபரித் தகவல்கள்.

இந்த ரேக், வார் எல்லாவற்றிலும் உலகெங்கும் தெரிந்த பெயர் ஸ்வீடனின் தூலே. 1942இல் எரிக் துலின் என்பவர் தொடங்கியபோது அவர்கள் செய்தது மீன் பிடிக்கும் பொறி. கார்க் கூரை ரேக் 1960களில்தான் வந்தது. மீன் பொறி செய்தவர்கள் சைக்கிள் பொறி செய்யப் போனதில் ஆச்சரியமில்லை. அந்த நாடுகளில் கார் வந்த பிறகும் சைக்கிள் ஒழியவில்லை. விடுமுறைக்கு உரிய சாமானாக மாறிக்கொண்டது. அந்த மாற்றம் நம் ஊருக்கு இப்போதுதான் வந்து சேர்கிறது. 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் போன்ற நெடும்பயணங்கள் தென்னிந்தியாவில் அதற்கு வழி திறந்தன. இன்று மதுரையிலும் கோவையிலும் சைக்கிள் குழு இல்லாத பேட்டை குறைவு. இந்த நாற்சந்தியைக் கடக்கும் கார்களில் தொங்குகிற சைக்கிள்களில் பல, லட்ச ரூபாயைத் தொட்டவை. செம்பட்டிக்காரர் ஒருவர் அந்த விலையைக் கேட்டுவிட்டு, "எஞ்சின் எங்கண்ணே?" என்று சைக்கிளைச் சுற்றிச் சுற்றித் தேடியது ஊரில் ரொம்ப நாள் ஓடியது.

சரக்கு வந்துவிட்டது, சட்டம் வரவில்லை. நம் கார்களில் இழுவைக் கொக்கி அபூர்வம். ஆகவே எடை முழுவதும் டிக்கிக் கதவின் தகரத்திலும் ஆறு வாரிலும் தொங்குகிறது. வார் தளர்ந்தால் சைக்கிள் பின்னால் வரும் மொபெட்காரரின் மடியில் விழும். வத்தலக்குண்டு தாண்டிய கொண்டை ஊசி வளைவுகளில் இது வேடிக்கை இல்லை. பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளின் நீளம் ஒன்றே முக்கால் மீட்டர் வரும். சின்னக் காரின் அகலம் அதைவிடக் குறைவு. இரண்டு பக்கமும் சக்கரம் வெளியே தலை நீட்டும். அனுமதித்த அளவை மீறி முன்னேயோ பின்னேயோ பக்கவாட்டிலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தம் செய்தார்கள். கம்பி ஏற்றிய லாரியை மனத்தில் வைத்துப் போட்ட விதி அது. சைக்கிள் கட்டிய காரும் அதன் எல்லைக்குள் வருமா என்பது வழியில் நிறுத்துகிற அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது.

நம்பர் பிளேட் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் தட்டு கட்டாயம். ஹாலோகிராம், லேசரில் பொறித்த எண், கழற்றினால் உடைந்துபோகும் பூட்டு. திருட்டைத் தடுக்க நல்ல ஏற்பாடு. ஆனால் ஜெர்மன்காரர் கடையில் வாங்கி ரேக்கில் மாட்டுகிற மாதிரி ஒரு நகலை இங்கே மாட்டினால், எந்தப் போலித் தட்டைத் தடுக்க அந்தப் பூட்டைக் கண்டுபிடித்தார்களோ அந்தப் போலித் தட்டாகவே அது கருதப்படும். மூன்றாவது பதிவு அடையாளம் என்று நம் விதிகளிலும் ஒன்று உண்டு. அது முன்கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர். சைக்கிள் பின்னால் தொங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என்ன செய்கிறார்கள்? பாதிப்பேர் எதுவும் செய்வதில்லை. மீதிப்பேர் அட்டையில் எண்ணை எழுதிச் சைக்கிள் சட்டத்தில் கயிற்றால் கட்டிவிடுகிறார்கள். சைக்கிள் சட்டத்தில் அடையாளம் தொங்கிய காலம் இப்படி வேறு வேடத்தில் திரும்பியிருக்கிறது. அன்று வில்லை சைக்கிளுக்கு, இன்று அட்டை காருக்கு.

விதி வகுப்பது கஷ்டமான காரியம் இல்லை. ஒரு பலகை, ஒரு கூடுதல் தட்டு, ரேக்கில் ஒரு விளக்கு. இத்தாலி செய்கிறது, ஆஸ்திரியா செய்கிறது. டெல்லியில் யாராவது ஒரு மாலையில் உட்கார்ந்து எழுதிவிடலாம். கார் வைத்திருக்கிறவர்கள் கேட்கத் தெரிந்தவர்கள், என்றைக்காவது வரும். எனக்கு உறுத்துவது அது இல்லை. ஐரோப்பாவைப் பற்றிப் பேசும்போது காரின் பின்னால் தொங்கும் சைக்கிளை மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம். அதே ஜெர்மனியில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வாங்கி வட்டார ரயில் பெட்டிக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளலாம். சைக்கிள் படம் ஒட்டிய கதவில் ஏற வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்க நகரப் பேருந்துகள் பலவற்றில் முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே மடக்கு ரேக் இருக்கிறது. இரண்டு சைக்கிள் நிற்கும், ஏற்றுவதும் இறக்குவதும் பயணியின் வேலை. கார் இல்லாதவரின் சைக்கிளுக்கும் அங்கே சவாரி உண்டு.

நம் பக்கமும் முயன்று பார்த்தார்கள். 2020இல் பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகம் சில இணைப்புப் பேருந்துகளின் முகத்தில் சைக்கிள் ரேக் மாட்டியது. அதே ஆண்டு நவம்பரில் கொச்சி மெட்ரோ சைக்கிளை ரயிலுக்குள் கொண்டுவர அனுமதித்தது. இரண்டும் பெருநகரங்கள். ஒட்டன்சத்திரம் போகும் டவுன் பஸ்ஸில் அப்படி ஒன்றை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் ஏணியும் கம்பி வேலியும் நம்மிடம் இருந்தவை. கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை, திரும்ப வெல்டிங் வைத்தால் போதும். கூரை வேண்டாம், ஆபத்து. முகத்தில் இரண்டு சைக்கிள் தாங்கும் கம்பி வைக்கத் திண்டுக்கல் பட்டறைகளுக்கு அரை நாள் வேலை. பூட்டும் பெட்டகமும் செய்து நாட்டுக்கே அனுப்பிய ஊர் அது.

இப்போதைக்கு ஏற்பாடு இப்படி. சித்தையன்கோட்டைப் பக்கமோ கன்னிவாடிப் பக்கமோ இருந்து வரும் ஒரு மாணவியின் அரசுச் சைக்கிள் நடுவழியில் பஞ்சராகிறது. பஞ்சர் கடைகள் பெருகியிருந்தாலும் பலவற்றில் டியூப்லெஸ் கார் டயர் பார்க்கிறார்கள். சைக்கிள் டியூப் ஒட்டுகிறவரைத் தேடித்தான் போக வேண்டும். பஸ் வரும், நிற்கும், அவளை மட்டும் ஏற்றிக்கொள்ளத் தயார், அதுவும் கட்டணமில்லாமல். சைக்கிளை அந்த இடத்தில் விட்டுப்போக அவளுக்கு மனமில்லை. பெங்களூரு கார் ஒன்று மூன்று சைக்கிளோடு கடந்துபோகும். அப்புறம் ஒட்டன்சத்திரத்தில் தக்காளியை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு திரும்பும் குட்டியானை வரும். டிரைவர் பார்த்ததும் ஓரங்கட்டுவார். பின்கதவைச் சங்கிலியில் இறக்கிவிட்டு, "ஏத்து ஆத்தா, பிடிச்சுக்கிறேன்" என்று முன்சக்கரத்தைத் தூக்குவார். செம்பட்டி வந்ததும் இறக்கிக் கொடுத்துவிட்டு, சைக்கிள் கடை இருக்கும் திசையைக் கையால் காட்டுவார். இருபது ரூபாய் கேட்கிறவரும் உண்டு, கேட்காமல் போகிறவரும் உண்டு. லக்கேஜ் டிக்கெட் மட்டும் யாரும் கிழிப்பதில்லை.